சுவருக்கு வயிறு

நூல் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது என் நாத்தனாருக்கு வரன் பார்த்த சமயத்தில். எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மாமனாரோடு அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர் வந்து உட்கார்ந்து, பையன் படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறான், தங்கமான பையன், பெயர் என்னவோ ஒன்று, எல்லாரும் நூலு என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நூல் என்றால் ஆள் ஒல்லியாக இருப்பான் போலிருக்கிறது, மின்விசிறி போட்டால் பறந்துவிடுவானோ என்று நினைத்துக்கொண்டேன். மறுவாரம் வந்து நின்றவரைப் பார்த்தால் வாசலை அடைக்கிற ஆள்.

கூட அவருடைய அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் இருப்புக்கொள்ளாமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மாமியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. திடீரென்று எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்ச் சுவர்க் கடிகாரத்தின் அடிப்பக்கத்தை ஒற்றை விரலால் ஓர் அரிசி அளவு நகர்த்தினார். இரண்டு எட்டுப் பின்னால் வந்து பார்த்தார். வந்து உட்கார்ந்துகொண்டார்.

"பொண்ணைப் பார்க்க வந்தியா, கடிகாரத்தைப் பார்க்க வந்தியாப்பா?" என்று கேட்டார் மாமியார்.

"ரெண்டு வருஷமா சாஞ்சே கெடக்கு அத்தை. சுவத்துல இருக்கிற கறையே சொல்லுது."

அதற்குள் அத்தையாகிவிட்டேனா என்று மாமியார் அடுப்படிக்கு வந்து முணுமுணுத்தார். நாத்தனார் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் என் ரவிக்கை நனைந்துபோயிற்று. சம்மதமா என்று அவளைத் தனியாகக் கேட்க வேண்டிய வேலை யாருக்கும் இருக்கவில்லை.

நாத்தனார் புருஷன் நமக்கு அண்ணன் முறை. அவரும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "தங்கச்சி, டீ இருக்கா?" என்று குரல் வந்துவிடும். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. தம்பி ஒருவன்தான். அதனால் இந்த முறையண்ணன் மேல் எனக்கு ஒரு ஒட்டுதல் உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு. வாய் அப்படி. அவர் வாயில் விழுந்தவன் எழுந்திருக்க ஒரு வாரம் ஆகும்.

நூல் என்ற பெயர் அவர் கண்ணுக்கு வைத்த பெயர். நூல் பிடித்த மாதிரி என்கிறோமே, அந்தக் கண். சட்டத்துக்குக் கட்டை அறுக்கிறபோது அளவுகோலைச் சும்மா பேருக்கு வைப்பார். நாலு மூலையும் ஒட்டினால் முடி நுழையாது. படத்தை வாங்கிப் போகிறவர்கள், நீங்களே வந்து மாட்டிக் கொடுங்கள் என்று கூட்டிப்போவார்கள். அப்படி வீடு வீடாகப் போய் ஆணி அடித்துக்கொண்டிருந்தவரிடம், சுவரில் மாட்டுகிற டிவி வந்ததும் அதையும் மாட்டச் சொன்னார்கள். டிவிக்குப் பிறகு புரொஜெக்டர் வந்தது. வீட்டுக்குள்ளேயே தியேட்டர் வைத்துக்கொள்கிற ஆசை சின்னச் சின்ன வேலையில் இருப்பவர்களுக்கும் வந்துவிட்டது. மேலே கூரையில் பெட்டியைத் தொங்கவிட வேண்டும், கம்பியைக் குழாய்க்குள் ஒளிக்க வேண்டும், ஸ்பீக்கரைக் காது உயரத்துக்கு வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். வேலை தொடங்குமுன் வீட்டில் யார் யார் எங்கெங்கே உட்காருவார்கள் என்று கேட்பார். ஒவ்வொரு இடத்திலும் தானும் உட்கார்ந்து பார்ப்பார். தாத்தா தரையில் உட்காருவார் என்றால் இவரும் தரையில் உட்காருவார். அதற்குப் பிறகுதான் துளை போடுகிற மிஷினைத் தொடுவார்.

மற்றவர்கள் ரசமட்டம் வைத்திருப்பார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, அந்தக் கட்டை. குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி. நூல் அண்ணன் அதைத் தொட்டதே இல்லை. "அது கண்ணில்லாதவனுக்கு ஊன்றுகோல்" என்பார். யார் கையில் பார்த்தாலும் சொல்வார். என் தம்பி கையில் பார்த்தால் இரண்டு தடவை சொல்வார்.

என் தம்பி கொத்தனார். சுவரும் பூச்சும்தான் அவன் வேலை. இரண்டு பேரும் ஒரே விசேஷத்துக்கு வந்துவிட்டால் போதும், எங்களுக்கு வேறு வேடிக்கை வேண்டாம். கொத்தனாரெல்லாம் கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வருகிற ஜாதி என்று இவர் ஆரம்பிப்பார். தம்பி அதிகம் பேசமாட்டான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, "நீங்க அடிக்கிற ஆணியைத் தாங்குறது என் சுவருதாண்ணே" என்று ஒன்று சொல்லிவிட்டுப் போவான். இருபது, இருபத்தைந்து வருஷம் அது விளையாட்டாகவே இருந்தது.

இனி சொல்லப்போவதுதான் எனக்குச் சங்கடமானது.

ஒருநாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்தேன். குடித்துக்கொண்டே கதவு நிலையைப் பார்த்து, "தங்கச்சி, இந்த நிலை நடுவுல வளைஞ்சிருக்கே, கரையான் எதுவும் அரிச்சிருக்கா?" என்றார். நான் போய் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தேன். வளைவும் இல்லை, கரையானும் இல்லை. திரும்பினால், அவர் டம்ளரை மேஜை விளிம்பில் பாதி வெளியே நிற்கிற மாதிரி வைத்தார். அது விழுந்து உருண்டது. அவர் குனியவில்லை. நெற்றியைச் சொறிகிற மாதிரி ஒரு கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு நிலையைப் பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். நான் துணியை எடுத்துவந்து டீயைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே, இந்த வருஷம் மழை எங்கே வரப்போகிறது என்று பேசினேன். அவரும் மழையைப் பற்றியே பேசினார்.

அடுத்த வாரம் நாத்தனார் வந்தபோது அண்ணனுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி அவள் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் மின்கம்பமெல்லாம் வளைந்திருக்கிறது என்கிறாராம். போன் நம்பரை அவளைப் படிக்கச் சொல்கிறாராம். ஒரு வீட்டில் படம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று கூப்பிட்டுச் சொன்னார்களாம், உங்கள் வீட்டுத் தரைதான் இறங்கியிருக்கிறது என்று சண்டை போட்டுவிட்டு வந்தாராம்.

"கண்ணுன்னு சொன்னாலே தட்டைத் தள்ளிட்டு எழுந்திடறாரு அண்ணி. நீங்க சொன்னா கேப்பாரு. உங்க பேச்சுக்கு மட்டும்தான் எதிர்ப்பேச்சு பேசமாட்டாரு. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் நாலு தடவை வீட்டுக்கு வந்தார். நாலு தடவையும் டம்ளரை மேஜையின் நடுவில் நானே தள்ளி வைத்தேன். சமயம் மட்டும் வரவில்லை. ஒரு தடவை அவர் சந்தோஷமாக இருந்தார், எதற்குக் கெடுப்பானேன் என்று விட்டேன். ஒரு தடவை கோபமாக இருந்தார், எதற்குக் கிளறுவானேன் என்று விட்டேன். உள்ளதைச் சொன்னால், கண்ணைப் பற்றி அந்த மனிதரிடம் முதலில் பேசுகிற ஆளாக நான் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். வேறு யாராவது சொல்லட்டும். எல்லாரும் அப்படியே நினைத்திருக்கிறோம்.

அந்தச் சமயத்தில்தான் என் மகன் மாடியில் ஓர் அறை கட்டினான். படம் பார்க்கத் தனி அறை வேண்டும் என்பது அவனுடைய நாள்பட்ட ஆசை. ஜன்னல் ஒன்றே ஒன்று, அதற்கும் கனமான திரை. சுவரைக் கட்டியதும் பூசியதும் என் தம்பி. திரைத்துணி வேண்டாம், சுவரிலேயே வெள்ளை அடித்துப் பெரிதாகப் படம் விழ வேண்டும் என்று மகன் சொன்னதால், அந்த ஒரு சுவரை மட்டும் தம்பி மூன்று நாள் பூசினான். விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நிழல் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தான். முடித்த அன்று என் கையைப் பிடித்து அந்தச் சுவரில் வைத்து, "தடவிப் பாருக்கா" என்றான். தடவினேன். எவர்சில்வர் தட்டுக்குக்கூட அந்த வழவழப்பு இருக்காது.

புரொஜெக்டர் மாட்ட நூல் அண்ணனைத்தான் கூப்பிட்டோம். வேறு யாரைக் கூப்பிட முடியும்? வந்தார், வழக்கம்போல ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்தார். எனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தங்கச்சிக்குக் கால் எட்டாது, ஒரு முக்காலி போடுடா என்று என் மகனிடம் சொன்னார். கூரையில் தாங்கியை முடுக்கினார். பெட்டியைத் தொங்கவிட்டுச் சுவரில் கட்டத்தை விழவைத்தார். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட வெறும் கட்டம். படம் நேராக விழுகிறதா என்று பார்க்க முதலில் அதைத்தான் போடுவார்கள். கட்டம் சுவர் முழுக்க விழுந்தது. எனக்குக் கணக்கு நோட்டு மாதிரி இருந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். கிட்டே போனார், தள்ளி வந்தார், பக்கவாட்டில் நின்றார்.

"சுவருக்கு வயிறு இருக்கு" என்றார்.

நடுவில் உப்பியிருக்கிறது, கோடெல்லாம் வளைகிறது, இதில் படம் போட்டால் முகமெல்லாம் பூசணிக்காய் மாதிரி தெரியும், கொத்திவிட்டு மறுபடி பூசச் சொல்லு என்றார். என் மகன் என்னைப் பார்த்தான். எனக்கு ஒரு கோடும் வளையவில்லை. அவனுக்கும் வளையவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் கண்ணாடி போடாமலே பார்த்துவிட்டு, மாப்பிள்ளை கண் தப்புச் சொல்லாது என்று முடித்துவிட்டார். தங்கை புருஷன் சொல்லுக்கு அவர் மறுசொல் சொன்னதே கிடையாது.

தம்பியைக் கூப்பிட்டனுப்பினோம். வந்தான். அண்ணன் அவனைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு பேசிய பேச்சை எழுத எனக்கு மனம் வரவில்லை. மாசமாக இருக்கிற சுவரைக் கட்டியிருக்கிறாயே, எத்தனை மாசம் என்று கேட்டார். அது வரைக்கும் விளையாட்டு. அப்புறம், சொந்தம் என்பதால் வேலை கொடுத்தார்கள், தெரியாதவன் வீடாக இருந்தால் துரத்தியிருப்பான் என்றார். என் மருமகளும் பக்கத்து வீட்டு அம்மாவும் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தம்பி கீழே இறங்கி நேராக அடுப்படிக்கு வந்தான்.

"அக்கா, நீ சுவரைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"வயிறு இருக்கா?"

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"இருக்குன்னா இருக்குன்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

"அவர் சொல்றபடி செஞ்சிடுடா" என்றேன். "நாத்தனார் வீட்டு விஷயம். அவர் மனசு நொந்தா நான்தான் பேச்சு கேக்கணும்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். சின்ன வயதில் நான் உடைத்த பானைக்கு அவன் அடி வாங்கியிருக்கிறான், அப்போதுகூட அப்படிப் பார்த்ததில்லை. சரிக்கா என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். அன்றைக்கே உளியை எடுத்தான். தான் மூன்று நாள் தேய்த்த பூச்சைத் தானே கொத்தினான். நான் முறத்தில் காரையை அள்ளிக் கொட்டினேன். அவன் இமை முடியெல்லாம் வெள்ளையாக இருந்தது. அவன் மறுபடி பூசினான். முதல் தடவை எப்படிப் பூசினானோ அதே மாதிரி, விளக்கைப் பிடித்துப் பிடித்து. இல்லாத வயிற்றைக் குறைக்கிறேன் என்று பொய்யாக நடுவில் சுரண்டிவிட்டுப் போகிறவனாக இருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பூச்சு காய்ந்து, வெள்ளை அடித்து, மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கூடினோம். படம் ஓடப்போகிற முதல் நாள். நாத்தனார் வந்திருந்தாள். தம்பியும் வந்தான், வேலைப் பையோடு. சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தோம். திரையை இழுத்து மூடி அண்ணன் கட்டத்தைப் போட்டார்.

பார்த்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டாவது தடவையும் வயிறு" என்றார். "முன்னைக்கு இப்ப பெரிசு. டேய், இது சுவத்துல இருக்கிற கோளாறு இல்லடா, உன் கையில இருக்கிற கோளாறு. கரண்டியைக் கீழே வெச்சிட்டு வேற பொழப்பு பாரு."

நாத்தனார் என் முழங்கையைப் பிடித்தாள். இப்போதாவது சொல்லுங்கள் என்று அர்த்தம். நான் முக்காலியில் காலை நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

தம்பி எழுந்தான். கோபமெல்லாம் இல்லை. பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தான், செங்கல் வரிசைக்குக் கட்டுகிற மட்டநூல். ஒரு நுனியை என் மகன் கையில் கொடுத்துச் சுவரின் அந்த ஓரத்தில் நிற்கச் சொன்னான். மறுநுனியைத் தான் பிடித்துக்கொண்டு இந்த ஓரத்தில் நின்றான். இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி இழுத்தார்கள். கட்டத்தின் வெளிச்சத்தில் நூல் கறுப்பாக ஒரு கோடு மாதிரி தெரிந்தது. உப்பல் இருந்தால் நூல் ஓரத்தில் சுவரை விட்டு விலகும், பள்ளம் இருந்தால் நடுவில் இடைவெளி தெரியும். ஒரு நெல் நுழைகிற சந்துகூட இல்லை. முழு நீளத்துக்கும் சுவரில் படிந்து கிடந்தது.

"நீங்களே பாருங்கண்ணே" என்றான் தம்பி.

அண்ணன் கிட்டே வந்தார். நூலின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரைக்கும் முகத்தை நகர்த்திக்கொண்டே பார்த்தார்.

"நூலும்தான் வளைஞ்சிருக்கு. நல்லா இழுத்துப் பிடி."

இழுத்தார்கள்.

"இன்னும் இழு."

இன்னும் இழுத்தார்கள். என் மகன் விரலில் நூல் பதிந்து ரத்தம் கட்டுவது எனக்குத் தெரிந்தது.

"இன்னும்" என்றவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். ஒரு விரலால் அந்த நூலைத் தட்டினார். வீணைத் தந்தி மாதிரி அது அதிர்ந்தது. அவ்வளவு விறைப்பு. இழுத்துக் கட்டிய நூல் வளையாது என்பது எல்லாரையும்விட அவருக்குத் தெரியும். அந்தப் பெயரில் நாற்பது வருஷம் வாழ்ந்தவர் அவர். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இந்தத் தடவை நெற்றியைச் சொறிகிற மாதிரி நடிக்கவில்லை.

மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை. கட்டத்துக்கு முன்னால் நின்றதால் கோடெல்லாம் அவர் சட்டையில் விழுந்திருந்தது, முகத்திலும் விழுந்திருந்தது.

தம்பி நூலைச் சுற்றிக்கொண்டே, "கொஞ்சம் வயிறு இருக்கத்தாண்ணே செய்யுது. நான் பார்த்துக்கிறேன்" என்றான்.

"பொய் சொல்லாதடா" என்றார் அண்ணன். "உன் சுவரு நேராத்தான் இருக்கு."

அப்புறம் படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவித் தடவிக் கீழே இறங்கிப் போனார். செருப்பைக் காலால் துழாவினார். நாத்தனார் பின்னால் ஓடினாள். அன்றைக்குப் படம் ஓடவில்லை. நான் முக்காலியில் கால் வைத்தபடியே அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மகன் வந்து அணைக்கும் வரைக்கும்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன், நாத்தனார், துணைக்கு நான். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, எதை எதையோ வைத்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா உள்ளங்கை அளவு அட்டை ஒன்றை அவர் கையில் கொடுத்தார். பார்த்தால், அதே கட்டம். குறுக்குக் கோடு, நெடுக்குக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பாருங்கள், கோடு நேராகத் தெரிகிறதா என்று கேட்டார்.

"இந்த அட்டைக்கும் வயிறு இருக்குங்க டாக்டர்" என்றார் அண்ணன்.

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை, சிரித்துவைத்தார். நாங்கள் சிரிக்கவில்லை. கண்ணுக்குள்ளே பின்பக்கத்தில், நேர்ப்பார்வைக்கான இடத்தில், தண்ணீர் கசிந்து உப்பியிருக்கிறது, உப்பல் கண்ணுக்குள்ளே இருப்பதால் பார்க்கிறதெல்லாம் உப்பித் தெரிகிறது என்று விளக்கினார். இடது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது, இனி அது திரும்பாது. வலது கண்ணை ஊசி போட்டு இருக்கிற வரைக்கும் காப்பாற்றலாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இரண்டையும் பார்த்திருக்கலாம் என்றார். கண் கெட்ட பிறகு என்று தொடங்கும் ஒரு பழமொழி இருக்கிறதே, அன்றையிலிருந்து அதை எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்வதில்லை.

"எத்தனை நாளா இப்படித் தெரியுது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். பேனா காத்துக்கொண்டிருந்தது. பதில் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நான் முந்திக்கொண்டேன். "எட்டு மாசமாங்க" என்றேன்.

அண்ணன் திரும்பினார். நேராகப் பார்த்தால் தெரியாது என்பதால் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா தங்கச்சி?"

"தெரியும்ணே" என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வெளியிலேயே பார்த்தார். வரிசையாகப் போகிற மின்கம்பங்கள் அவருக்கு எப்படித் தெரிந்தனவோ.

அதற்கப்புறம் அவர் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும் என் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாராம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லையாம். "உன் ரசமட்டத்தை எடுத்துக்கிட்டு என்கூட வா" என்றாராம். இரண்டு பேருமாக, அந்த எட்டு மாசத்தில் அவர் மாட்டிக்கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போனார்கள். ஏழு வீடு. ஒவ்வொரு வாசலிலும் அவரே, என் கண் கெட்டிருந்தது, செய்தது சரியா என்று பார்க்க வந்தேன் என்று சொல்வாராம். தம்பி கட்டையை வைத்துக் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல, அவர் திருகாணியைத் திருப்புவார். நாலு வீட்டில் சாய்ந்திருந்தது. ஒரு வீட்டில் ஏற்கெனவே வேறு ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டிருந்தார்கள். எங்களிடம் சொல்லியிருக்கலாமே என்று தம்பி கேட்டதற்கு, எப்படிச் சொல்வது, சங்கடமாக இருந்தது என்றார்களாம். அதைக் கேட்டு அண்ணன், எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள் என்றாராம். தம்பி இதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

சண்டை போட்டுவிட்டு வந்த வீட்டுக்குக் கடைசியாகப் போனார்கள். அங்கே உள்ளே விடவில்லை. சாலையில் நின்றபடியே, உங்கள் தரை சரியாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் மாடியறைக்கு அவர் திரும்ப வரவில்லை. மிச்ச வேலையை வேறு ஆள் வந்து முடித்துக்கொடுத்தான். சுவர் முழுக்கப் படம் அழகாக விழுகிறது. மகனும் மருமகளும் வாராவாரம் பார்க்கிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். கால் வலி என்கிறேன். அந்த முக்காலி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நாத்தனார் என்னிடம் எப்போதும்போலத்தான் இருக்கிறாள். ஒரே ஒரு தடவை, நாம் இரண்டு பேரும் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் அண்ணி என்றாள். நாம் இரண்டு பேரும் என்று அவள் தன்னையும் சேர்த்துக்கொண்டது பெருந்தன்மை. அவள் சொல்லிப் பார்த்தவள். தட்டு தள்ளப்பட்டதைப் பார்த்தவள். நான் வாயே திறக்காதவள்.

நூல் அண்ணன் இப்போது தன் பழைய சட்டக் கடையில்தான் இருக்கிறார். கட்டை அறுப்பதை அவர் மகள் பார்த்துக்கொள்கிறாள். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, படத்துக்குப் போடுகிற கண்ணாடியைத் துணியால் துடைத்துக் கொடுக்கிறார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை வலது கண்ணில் ஊசி. குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார். நான் போனால் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்கிறார்.